வடக்கு மதிலோரத்து முளைக்குச்சிகள்

1992ஆம் ஆண்டு பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஆல்மா கிட்டின்ஸை நான் முதன்முதலாகப் பார்த்த நேரம் அது. ஈட்டன்ஹோப் ஊரில், புனித மில்பர்கா ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், வடக்கு மதிலை ஒட்டிச் சாய்ந்து நின்ற ஒரு கல்லுக்குப் பின்னால் அவர் மண்டியிட்டிருந்தார். செபம் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். நெருங்கியபோது அவர் கையில் தோட்டக் கரண்டியும் பக்கத்தில் ஒரு கூடையும் தெரிந்தன. என் காலடி ஓசை கேட்டதும் அவர் ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினார். என் சந்தேகம் அந்த ஓர் அசைவிலிருந்து தொடங்கியது.

“யாரது?” என்றார், திரும்பாமலே.

“என் பேர் ஜூக்ஸ். தோட்டக் கமிட்டிக்குப் புது செக்ரட்டரி.”

“ஓ, பள்ளிக்கூடத்துல லத்தீன் சொல்லிக் குடுக்கிறவரா? இங்க படுத்திருக்கிறவங்க எல்லாரும் படிப்பை முடிச்சவங்க, மிஸ்டர் ஜூக்ஸ்.”

“கூடையில என்னம்மா இருக்கு?”

“மண்ணு.”

“மண்ணுக்கு எதுக்குச் சாக்கு?”

“குளிருதே, பாவம்.”

அவ்வளவுதான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றி, யூ மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மண்டியிட்ட இடத்தில் மண் புதிதாகக் கிளறப்பட்டுக் கறுத்திருந்தது.

அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. ரயில் பாதை பழுதுபார்ப்பவரின் மகள். முப்பது ஆண்டுகள் முட்டைகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். கணவர் லென் பால் வண்டி ஓட்டியவர். அவர் இறந்தபோது, மெதடிஸ்டு என்ற வேறு சபைக் குடும்பம் என்பதால், நான்கு மைல் தள்ளியிருந்த அவர்களுடைய சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஆகவே மில்பர்கா கல்லறைத் தோட்டத்தில் ஆல்மாவுக்கு உறவினர் என்று ஒருவரும் இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்கும் அவர் வருவதில்லை. அப்படிப்பட்டவர் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த இடத்தைக் கூலி வாங்காமல் பராமரித்து வந்தார் என்பதே ஊராருக்கு உறுத்தலாக இருந்தது. “சொந்தக்காரங்க யாருமே இல்லாத இடத்துல அவளுக்கு என்ன வேலை?” என்று அஞ்சலகத்தில் கேட்காதவர் இல்லை.

விடை ஆலயத்தின் குறிப்பேட்டிலேயே இருந்தது. 1967இல் அன்றைய பாதிரியார், மோட்டார் புல்வெட்டி தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காகக் கல்லறைக் கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாத்திவைக்க முடிவு செய்தார். அந்த ஆண்டுகளில் பல ஊர்களில் அப்படித்தான் செய்தார்கள். கடப்பாரையுடன் வந்த ஆட்கள் பதினொரு கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். முட்டைக் கூடத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆல்மா அதைப் பார்த்துவிட்டுப் போய், தம் தந்தையின் நீளக் கைப்பிடி அரிவாளோடு திரும்பி வந்தார். ஒருவரிடமும் பேசாமல், நின்றிருந்த ஒவ்வொரு கல்லையும் சுற்றி, மாலை வரை புல் அறுத்தார். பிறகு பாதிரியாரிடம் சொன்னார்: “கல்லு எதுக்குங்க நகரணும்? மெஷினை நகர்த்துங்க.”

பன்னிரண்டாவது கல் பெயர்க்கப்படவில்லை. அதற்குப் பின் அந்தத் தோட்டத்தின் புல் ஆல்மாவுடைய அரிவாளுக்கு மட்டுமே உரியதாயிற்று. காட்டுப் பூக்கள் விதை உதிர்த்த பின் ஜூலையில் ஒரு முறையும், இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் அறுப்பார். அதற்கு ஈடாக அவர் கேட்டது கருவிக் கொட்டகையின் சாவி ஒன்றையே. ஈஸ்டருக்குப் பின் கூடும் சபைக் கூட்டம் ஆண்டுதோறும் அந்தச் சாவியை அவரிடமே விட்டுவைக்கும். சாவி போனால் தோட்டமும் போயிற்று என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அதைப் பறிக்கக் காத்திருந்தவர்களும் உண்டு. கல்லறைகளில் யார் பிளாஸ்டிக் பூ வைத்தாலும், வண்ணக் கண்ணாடிச் சில்லு பரப்பினாலும், மறுநாள் அது குப்பை உரக் குழியில் கிடக்கும். ஆலயப் பொறுப்பாளர் பெர்சி மாப் தம் தாயார் கல்லறையில் வைத்த பிளாஸ்டிக் ரோஜாக்கள் மூன்று முறை அந்தக் குழிக்குப் போயின.

“மழையில நனைஞ்சாலும் வாடாத பூவை எவளாவது தூக்கி எறிவாளா?” என்று பெர்சி ஒருநாள் வாயிலிலேயே கத்தினார்.

“வாடாததனாலதான் எறிஞ்சேன், பெர்சி. உங்க அம்மாவே வாடிட்டாங்க.”

இப்படிப் பேசுகிற ஒருவருக்கு நண்பர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கல்லறைத் தோட்டத்தின் பழைமையைப் பதிவு செய்வதே எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆலயப் பெட்டியில் 1884ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கிடைத்தது. அக்காலத்துப் பாதிரியாரின் மனைவி, வடக்கு மதிலோரம் பனித்துளிப் பூக் கிழங்குகளை நட்டதாக அதில் எழுதியிருந்தார். குளிர் விலகுமுன் மண்ணைக் கிழித்து வரும், தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ அது, ஸ்னோடிராப் என்போம். எந்த ஆலயத்து வளாகத்திலும் பிப்ரவரியில் அது பூத்துக் கிடக்கும். அதன் உள்ளிதழில் பச்சைப் புள்ளி ஒன்று இருப்பது வழக்கம். எங்கள் வடக்கு மதிலோரத்துப் பூவுக்கு அந்தப் புள்ளி இல்லை; உள்ளும் புறமும் வெள்ளை. திருமுழுக்குப் பெறாத குழந்தைகளையும் தற்கொலை செய்தவர்களையும் முற்காலத்தில் வடக்குப் புறத்தில் புதைத்ததால், மற்றவர்கள் அங்கே கல்லறை கேட்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் மண் கலையாமல் கிடந்ததே பூவைக் காப்பாற்றியிருக்கிறது. இப்படி ஒரு வகைக்குப் பித்துப்பிடித்து அலைகிறவர்கள் எங்கள் நாட்டில் உண்டு. ஒரு கிழங்குக்காக இரவல் கார் எடுத்துக்கொண்டு இருநூறு மைல் வருவார்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் கேட்காமலே எடுத்துப் போவார்கள்.

நான் முறையாக வேலை செய்கிறவன். புள்ளியில்லாத பூக்கள் நாற்பத்தொரு கொத்து என்று கண்டேன். ஒவ்வொன்றின் அருகிலும் வெள்ளை வண்ணம் பூசிய முளைக்குச்சி நட்டு, எண் எழுதினேன். மதிலிலிருந்து தூரம் அளந்து, வரைபடமும் தயாரித்தேன். ஆல்மா அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழகா இருக்கு, செக்ரட்டரி. எது நல்ல பூன்னு தெரியாம முழிச்சிட்டிருந்த திருடனுக்கு நீங்களே கொடி நட்டு வெச்சிட்டீங்க.”

“எத்தனை இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எது போச்சுன்னு தெரியும், மிஸஸ் கிட்டின்ஸ்?”

“போன அப்புறம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? அடக்கப் பதிவேட்டுல எழுதுவீங்களா?”

எண்ணிக்கை வந்துவிட்டால் தம் கூடையின் கதை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறார் என நினைத்தேன். அந்த நினைப்போடு சனிக்கிழமைதோறும் எண்ணினேன். நாற்பத்தொன்று குறையவே இல்லை. மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள், பதினேழாம் எண் குச்சிக்கு அருகில் கடைசியாக நின்ற பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளிதழில் பச்சைப் புள்ளி இருந்தது. பத்து நாள் முன்பு அதே இடத்தில் அது இல்லை. இருபத்திரண்டாம் குச்சியிலும் அப்படியே. யாரோ அரிய கொத்தை எடுத்துவிட்டு, சாதாரணக் கொத்தை அதன் இடத்தில் நட்டிருக்கிறார்கள். பனித்துளிப் பூவைப் பூ உதிர்ந்தவுடன், இலை பச்சையாக இருக்கும்போதே பெயர்த்து நட வேண்டும் என்று அறிந்த கை அது. ஊரில் அப்படிப்பட்ட கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

எங்கள் ஊரில் பனித்துளிப் பூவை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். போனால் அந்த ஆண்டு முடிவதற்குள் வீட்டில் ஒரு சவம் விழும் என்பார்கள். நம்பாதவர்கள்கூட வாசலிலேயே வைத்துவிடுவார்கள். ஆகவே எடுத்தவர் அதை வீட்டுக்கு வெளியில்தான் வைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். ஒரு பிற்பகல், ஆல்மா கடைக்குப் போயிருந்த நேரம், அவர் வீட்டுப் பின்சந்தில் நின்று துணி துவைக்கும் கொட்டகையின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பழைய முட்டைப் பெட்டிகளின் மேல் வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பச்சை இலைகள். அன்று மாலையே பாதிரியார் ப்ரீஸிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, “ஈஸ்டர் முடியட்டும், கூட்டத்துலயே கேட்டுக்கலாம்” என்றார்.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாலம் என்ற ஒருவர் வந்தார். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு, மிக இனிமையான பேச்சு. ஏதோ தாவரச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்றார். தாவரங்களின் லத்தீன் பெயர்களைப் பிழையின்றி உச்சரித்தார். என் வரைபடத்தைப் பார்த்து, இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு ஒழுங்கான பதிவைத் தாம் கண்டதில்லை என்றார். மகிழ்ச்சியில் ஒரு படியெடுத்து, அடியில் ‘அன்புடன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, கூரை வேய்ந்த ஆலய வாயிலருகில் அவரிடம் கொடுத்தேன். ஊருக்குள் என்னோடு பழகியவர்களை அளந்து அளந்து சந்தேகப்பட்ட நான், அவரிடம் முகவரிகூடக் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளிக்கிழமை காலை, வடக்கு மதிலோரம் நாற்பத்தொரு குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் முளைக்குச்சிக்கு நேராக, ஒரே ஆழத்தில். குச்சிகளை மட்டும் திருடன் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

பெர்சி மாப் குழிகளைப் பார்த்து, “அந்தம்மாவைக் கேளுங்க” என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஹாலமின் நினைவு ஒரு கணம் வந்தது. படித்தவர் என்று சொல்லி அதை நானே தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை மாலை, ஆலயத்தின் பக்க அறையில் கூட்டம். இருபது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக ஆறு பேர்தான் வருவார்கள். ஆல்மா கதவோரம் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

“மிஸஸ் கிட்டின்ஸ், உங்க கொட்டகையில இருக்கிற தொட்டியெல்லாம் எங்கேர்ந்து வந்தது?” பாதிரியார் மெல்லத்தான் கேட்டார்.

“கல்லறைத் தோட்டத்துலேர்ந்து. நான்தான் எடுத்தேன்.”

அறையில் ஒரு முனகல் எழுந்தது.

“இருபத்தாறு கொத்து. குச்சி நட்ட மறுநாளே ஆரம்பிச்சேன். அசலை எடுத்துட்டுத் தெற்குப் பக்கத்துச் சாதாக் கிழங்கை அந்த இடத்துல வெச்சேன். பதினஞ்சுக்கு எனக்கு நாள் பத்தலை. அதுதான் போச்சு. மத்ததெல்லாம் அவன் தூக்கிட்டுப் போனது காட்டுல காசில்லாம கிடைக்கிற சரக்கு.”

“யார்கிட்டயும் ஏன் சொல்லலை?” என்றேன் நான்.

“சொன்னேனே, உங்ககிட்ட. கொடி நட்டுட்டீங்கன்னு.”

“நாங்க எப்படி நம்பறது?” பெர்சி எழுந்து நின்றுவிட்டார். “இலையைப் பாத்தா எல்லாம் ஒண்ணுதான். அதுவும் பழுத்துப் போச்சு.”

“பிப்ரவரி வரைக்கும் பொறுங்க. பூத்தா தெரியும்.”

“அதுக்குள்ள வித்து முடிச்சிடுவே!”

“வாங்க ஆள் இருந்தா உன்னையே வித்திருப்பேன், பெர்சி.”

சிலர் சிரித்தார்கள், ஆனால் கை தூக்கும் நேரம் வந்தபோது சிரித்தவர்களும் தூக்கினார்கள். தொட்டிகள் பாதிரியார் வீட்டுக் கண்ணாடிக் கூடத்தில் பூட்டி வைக்கப்படும். பூக்கும் வரை சாவி சபையிடம் இருக்கும் என்று முடிவாயிற்று. தீர்மானத்தை என் கையால் எழுதினேன். ஆல்மா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். சாவி ஒரு கயிற்றில் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் கை மறுபடியும் அதே பைக்குள் போனதைக் கவனித்தேன். இன்னும் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது.

மறைத்ததென்னவோ உண்மைதான். மூன்று நாள் கழித்து என் வீட்டு வேலி வாயிலுக்கு வந்தார். கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த, ஈரம் பட்டுக் காய்ந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். என் வரைபடம். நாற்பத்தொரு எண்களிலும் பென்சிலால் சரி போட்டிருந்தது. அடியில் ‘அன்புடன்’ என்று என் கையெழுத்து.

“வடக்கு மதிலுக்கு வெளியில, சாக்கடையில கிடந்துச்சு. குழி விழுந்த அன்னிக்கே எடுத்துட்டேன்.”

தாளை வாங்கி எண்களை மறுபடியும் பார்த்தேன். கடைசியில், “கூட்டத்துல இதைக் காட்டியிருக்கலாமே?” என்றேன்.

“காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“அப்புறம்?”

“பெர்சி, உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி ஒண்ணுக்கு விலை கேட்டிருக்கான். கல்லையெல்லாம் படுக்க வைக்கணும்னு சொல்லிட்டுத் திரியறான். நீங்க கல்லுப் பதிவேடு எழுதிட்டிருக்கீங்க. முடியலை, இல்லையா?”

“பாதிதான் முடிஞ்சிருக்கு.”

“அப்போ உங்களைத் துரத்திட்டு நான் யாரைப் பிடிச்சு எழுத வைக்கிறது? எனக்கு ஒழுங்கா எழுத்துக் கூட்டவே வராது. முடிங்க, செக்ரட்டரி.”

தாளை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனார். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. என்னை இனி எதற்கெல்லாம் பயன்படுத்தப்போகிறார் என்பதுதான் மனத்தில் ஓடியது.

பதிவேட்டை முடித்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கற்கள். எழுத்து, அளவு, சாய்வு, மேலே படர்ந்த பாசியின் நிறம் வரை. பெர்சி கற்களைப் படுக்கவைக்க மறைமாவட்டத்தின் அனுமதி கேட்டபோது, அந்தப் பதிவேட்டை எதிர்வாதமாக அனுப்பினேன். நவம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. ஆல்மா என்னைச் செயலாளராக விட்டுவைத்த காரணம் நிறைவேறியது.

ஆனால் இடையில் இருந்த மாதங்களை அவர்தான் கழித்தார். மே மாதத்தில், விதை கட்டாத மஞ்சள் பூக்களோடு சேர்த்துப் புல்லைப் பெர்சி மழித்தெடுத்தபோது, அவர் மதிலுக்கு வெளியில் சாலையில் நின்று, கைகளை மதில்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வருவதை யாரும் தடுக்கவில்லை, அவர் வரவில்லை. அஞ்சலகத்தில் அவரைப் பூத்திருடி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அறுவடை விருந்துக்கு அவர் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை ஒருவரும் வெட்டவில்லை. தட்டைத் துணியால் மூடித் திரும்ப எடுத்துப் போனார். வரைபடம் என் கையிலிருந்துதான் போனது என்ற ஒரு வாக்கியம் இதை எந்த நாளிலும் நிறுத்தியிருக்கும். அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. பதிவேடு முடியட்டும் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். நவம்பருக்குப் பின் அந்தச் சாக்கும் இல்லை.

1993 பிப்ரவரி முதல் வாரத்தில் கண்ணாடிக் கூடத்துத் தொட்டிகள் பூத்தன. இருபத்தாறிலும் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. பாதிரியார் ஒவ்வொரு பூவையும் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, சாவியைத் தாமே ஆல்மாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெர்சி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு தாயார் கல்லறைக்குச் செடியில் பறித்த பூ வந்தது. ஆல்மா கிழங்குகளை மீண்டும் நட்டார், இந்த முறை மதிலோரமாக அல்ல. தெற்கிலும் கிழக்கிலும் சாதாப் பூக்களின் நடுவே பிரித்துப் பிரித்து. எது எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; முதல் நாள் கூடையில் சாக்குக்கு அடியில் என்ன இருந்தது என்றும் கேட்கவில்லை. திருடனுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வியைச் சபையில் ஒருவரும் எழுப்பவில்லை.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் நாங்கள் ஒரே தோட்டத்தில் வேலை செய்தோம். இந்தக் காலம் முழுவதும் நான் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். சந்தேகத்தின் பொருள்தான் மாறியிருந்தது. என் இரகசியத்தை வைத்திருந்து ஒருநாள் வெளியில் எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் “செக்ரட்டரி, ஒரு விஷயம்” என்று தொடங்கும்போதெல்லாம் அந்த நாள் வந்துவிட்டது என்று நினைப்பேன். அரிவாளுக்குப் புதுக் கைப்பிடி வேண்டும் என்பார். யூ மரத்தடியில் காரை நிறுத்தாதே என்று பலகை வைக்கச் சொல்வார். சபையில் அவருக்கு எதிராக நான் இருமுறை வாக்களித்தேன். அப்போதும் என்னை நிமிர்ந்து பார்த்து, “சரி, தோத்துட்டேன்” என்று மட்டும் சொன்னார். அது பெருந்தன்மையா, கணக்கா, அல்லது மறந்தே விட்டாரா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மறந்தார் என்று நம்புவது எனக்கு வசதி. ஆகவே அதை நம்புவதில்லை.

2006 மார்ச்சில் ஒரு பிற்பகல் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இனியும் தாமதித்தால் முடியாது என்று உணர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

“மிஸஸ் கிட்டின்ஸ், அந்தத் தொண்ணூத்திரண்டாம் வருஷத்துல, கூட்டத்துல...”

“அந்த சன்னலைச் சாத்துங்க, மிஸ்டர் ஜூக்ஸ். காது குளிருது.”

எழுந்து சாத்தினேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, தூங்குவதுபோல் இருக்கிறாரா என்று நெடுநேரம் உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். கூட்டம் முடிந்த அந்த ஏப்ரல் இரவிலிருந்து சாவி திரும்பிய பிப்ரவரி வரையிலான ஒன்பது மாதங்களும் சில நாட்களும் என் பெயரில் கடனாக அப்படியே நிற்கின்றன. அவற்றை அவர் ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை.